சேஃப்டிக்கு இன்னொன்று

“தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு மாஸ்டர்” என்றாள் பூரணி.

“எதை?”

“எல்லாத்தையும்தான். இன்னைக்குப் பேசப்போற வசனத்தை. அதுக்கு முன்னாடி விடுற மூச்சை. இப்போ உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேனே, இதைக்கூடத்தான்.”

டப்பிங் இயக்குநர் இம்தியாஸ் மாஸ்டர் தலையாட்டினார்.

“நல்லது. உள்ளே போங்க.”

அவ்வளவுதான் பதில். நல்லதாம்! நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

*

பூரணிக்கு நாற்பத்தெட்டு வயது. மொச்சைக்குப் பன்னிரண்டு.

மொச்சை ஒரு கார்ட்டூன் பையன். அப்பா, அம்மா, அக்கா, மொச்சை என்று ஒரு குடும்பம் அடிக்கிற கூத்தை வாரம் ஒரு கதையாகக் காட்டும் சிரிப்புத் தொடர் அது. மொச்சைக்கு உடம்பெல்லாம் முழங்கையும் முழங்காலும்தான். அம்மாவுக்கு உதவப் போவான், அலமாரி சாயும். அப்பாவைக் கட்டிப்பிடிப்பான், அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடையும். வீட்டில் யாராவது அழுதால் முதலில் ஓடி வருகிறவன் அவன்தான். ஓடி வருகிற வழியில் விழுகிறவனும் அவன்தான்.

மும்பையில் எடுக்கும் அந்தத் தொடரில் தமிழ் மொச்சைக்கு ஒன்பது வருடமாகக் குரல் பூரணி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இரண்டு பஸ் மாறிச் சாலிகிராமம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையனாகிப் பேசிவிட்டுப் போவாள்.

அந்தக் குரலுக்குத்தான் இன்று ஆபத்து.

“மொச்சை இப்போ மொச்சை மாதிரி இல்லை” என்று சேனல்காரர்கள் எழுதிவிட்டார்கள். இன்று ஒரு காட்சி. ஒரே ஒரு காட்சி. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் பூரணி. பிடிக்காவிட்டால், வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஷைலஜா.

ஷைலஜாவுக்கு இருபத்து மூன்று வயது. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் பூரணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. “ஆன்ட்டி, ஸ்கூல் விட்டு வந்ததும் உங்க மொச்சையைத்தான் பார்ப்பேன்” என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள்.



*

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் சவுண்டு இன்ஜினியர் ஏழுமலையும். இந்தப் பக்கம், குரல் பதியும் பூத்துக்குள், மைக், திரை, பூரணி.

காட்சி இதுதான். அக்கா படிப்பதற்காக வெளியூர் கிளம்புகிறாள். அவளும் மொச்சையும் ஒரே அறை. படுத்த பிறகு எழுந்துபோய் விளக்கை அணைப்பது யார் என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து இருவருக்கும் அடிதடி. இன்று மொச்சை நாற்காலிமேல் ஏறி நிற்கிறான். அக்காவை வழியனுப்ப இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறான். வாயைத் திறக்கிறான். எல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் ஒரே ஒரு வரி வருகிறது.

“அக்கா, இனிமே லைட்டை நானே அணைச்சுக்கிறேன்.”

பூரணி பேப்பரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். இங்கே திக்க வேண்டும். இங்கே எச்சில் விழுங்க வேண்டும். இங்கே குரல் உடைய வேண்டும். வசனத்தைவிடக் குறிதான் அதிகம்.

“டேக்” என்றான் ஏழுமலை.

“அ... அக்கா... இனி... இனிமே லை... லைட்டை...”

முடித்தாள். உதட்டசைவு கச்சிதமாக உட்கார்ந்தது.

“சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துடலாம்” என்றாள் பூரணி.

எதற்கும் கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று எல்லாரும் எப்போதாவது கேட்பதுதான். பூரணி எப்போதும் கேட்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வசனத்தில் அவளுக்கு நாக்கு புரண்டு, அது அப்படியே டிவியில் வந்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் சேஃப்டி. ஸ்டுடியோவில் அவள் பெயரே சேஃப்டி பூரணி.

எடுத்தார்கள். அதற்கும் ஒரு சேஃப்டி. அந்தச் சேஃப்டிக்கும் ஒரு சேஃப்டி. பதினேழு டேக் ஆயிற்று.

“பூரணிம்மா, மொச்சைக்கு இதுக்குள்ள மீசை முளைச்சிருக்கும்” என்றான் ஏழுமலை.

“நீ சும்மா இருடா. எனக்கு உயிர் போகுது.”

மணி மூன்று.

*

மாஸ்டர் எழுந்து பூத்துக்குள் வந்தார்.

பூரணியைவிடப் பதினாலு வயது இளையவர். வெளியே டீக்கடையில் பார்த்தால் “சாப்பிட்டியா தம்பி?” என்பாள். இந்தக் கதவைத் தாண்டிவிட்டால் மாஸ்டர்தான்.

“மாஸ்டர், எனக்குத் தடுமாறக் கத்துக்குடுங்க.”

“யார் தடுமாறணும்?”

“மொச்சை.”

“அவன் யார்கிட்ட கத்துக்கிட்டான்?”

பதில் எழுதியிருக்கிறதா என்று பூரணி பேப்பரைப் பார்த்தாள்.

மாஸ்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “ஏழுமலை, அந்த மூக்குக்கண்ணாடி சீன் இருக்கே, போன வருஷம் எடுத்தது? அதுல பூரணிம்மாவோட முதல் டேக்கைப் போடு. அப்புறம் சேஃப்டியைப் போடு.”

முதலாவது வந்தது. “அப்பா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் உடையவே இல்லை பாருங்க.” குரல் அவசரப்பட்டு ஓடியது. ‘உடையவே’ என்ற இடத்தில் நாக்கு இடறி எழுந்தது. எத்தனையோ தடவை கேட்ட ஏழுமலையே குலுங்கிச் சிரித்தான்.

இரண்டாவது வந்தது. அதே வரி. ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. செய்தி வாசிப்பது போல இருந்தது. ஏழுமலை கொட்டாவி விட்டான்.

“எது நல்லா இருக்கு?” என்றார் மாஸ்டர்.

“ரெண்டாவதுதான். தப்பே இல்லையே.”

“ஆமா. அதைத்தான் அனுப்பினோம்.”

“அப்போ சரிதானே மாஸ்டர்?”

“வாராவாரம் அதைத்தான் அனுப்பறோம். நீங்கதான் கெஞ்சுவீங்களே, சேஃப்டியையே போடுங்கன்னு.”

பூரணிக்கு எங்கேயோ சுருக்கென்றது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

*

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பூரணியின் சீரகத் தண்ணீர் பிளாஸ்க் கதவுக்கு வெளியே இருந்தது; அதை உள்ளே எடுத்து வந்தார். அதன் மூடியில் தண்ணீரை ஊற்றினார். விளிம்பு வரைக்கும். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும்.

“இதைக் கொண்டுபோய் ஷைலஜாகிட்ட குடுத்துட்டு வாங்க.”

“இப்பவா? மணி மூணு பத்து மாஸ்டர்!”

“ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. கீழே மைக் ஒயர் போகுது. பார்த்து.”

பூத்துக்குள் தண்ணீர் கூடாது என்று எழுதி ஒட்டியவரே அவர்தான். கேட்க வாயில்லை. பூரணி பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூடியை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

நடந்தாள். தண்ணீரைப் பார்த்தால் ஒயர் தெரியவில்லை. ஒயரைப் பார்த்தால் தண்ணீர் ஆடியது. முழங்கை இரண்டும் வெளியே தள்ளின. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. எந்தக் கால் அடுத்தது என்று காலுக்கே தெரியவில்லை. கதவைத் தோளால் தள்ளினாள். தாண்டிவிட்டாள்! ஒரு சொட்டு சிந்தவில்லை! சோபாவுக்கு இன்னும் மூன்றடி. இரண்டு. ஒன்று...

சோபாவின் கால் அவள் காலை இடறியது.

மூடி கையிலேயே இருந்தது. தண்ணீர்தான் ஷைலஜாவின் மடியில் இருந்தது.

“ஐயையோ! மன்னிச்சுக்கோம்மா! புதுத் துணியா? சீரகத் தண்ணிதான், கறை பிடிக்காது.” பூரணி பேப்பரை உருவி அவள் மடியை ஒற்றினாள். ஒற்ற ஒற்ற ஈரம் பரவியது. “இதோ பாரு, இந்தப் பக்கம் நனையவே இல்லை பாரு!”

ஷைலஜா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

“ஆன்ட்டி! அப்படியே மொச்சை!”

பூரணி பேப்பரைப் பிடித்த கையோடு நின்றாள்.

பின்னால் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். “சிந்தணும்னு நினைச்சீங்களா பூரணிம்மா?”

“சத்தியமா இல்லை மாஸ்டர்! சிந்தவே கூடாதுன்னுதான் நான்...”

மொச்சையும் விழ வேண்டும் என்றா ஓடி வருகிறான்?

அடுத்த நொடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

*

“பேப்பர் எங்கே?” என்றான் ஏழுமலை.

“நனைஞ்சுபோச்சு.”

“வசனம்?”

“ஒரு வரிதானே. போடு, போடு, சீக்கிரம் போடு!”

திரையில் மொச்சை நாற்காலிமேல் ஏறினான். நாற்காலி ஆடியது. அவன் வாயைத் திறந்தான்.

பூரணி அந்த வரியை நன்றாகச் சொல்ல விரும்பினாள். ஒரு பிசகும் இல்லாமல், நேராக, கடைசிவரை. அக்கா கிளம்பப் போகிறாள். வண்டி வாசலில் நிற்கிறது. இதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் இன்னொரு தடவை கிடையாது.

வாயைத் திறந்தாள். மூடினாள். திரையில் அவனும் மூடினான்.

“அக்கா.”

எச்சில் தானாக இறங்கியது.

“இனிமே லைட்டை... நானே அணைச்சுக்கிறேன்.”

‘அணைச்சு’ என்ற இடத்தில் நாக்கு லேசாகப் புரண்டது. அவள் அதைப் பிடித்து நிமிர்த்தி, பத்திரமாகக் கொண்டுபோய் வரியின் முடிவில் இறக்கினாள்.



கண்ணாடிக்கு அப்பால் ஏழுமலை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஈர மடியோடு அவன் பின்னால் வந்து நின்ற ஷைலஜா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் கரகரத்தது. ஏழுமலையின் குரல் மூக்கடைத்துப்போய் வந்தது.

“பூரணிம்மா, ஒரு இடத்துல நாக்கு புரண்டுச்சு. மணி மூணரைதான் ஆகுது. சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமா?”

பூரணிக்கு ‘எடுத்துடலாம்’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டரைப் பார்த்தாள். அவர் அடுத்த நகத்துக்குப் போயிருந்தார்.

அவள் அவசர அவசரமாக ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஓடிப்போய் பூத்தின் விளக்கைத் தானே அணைத்தாள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, யாரும் உள்ளே போகாதபடி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.