எட்டே காலுக்கு மேடையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்

இந்தக் கதையின் கடைசியில் மூன்று பேரைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். மூவரும் நல்லவர்கள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விடை சுலபமாகிவிடும்.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு நாடக மன்றம் இருந்தது. தையல்காரர், தபால்காரர், தீப்பெட்டி ஆலைக் கணக்கர், சத்துணவு ஆசிரியை என்று வேலை முடிந்து வருகிறவர்கள் சேர்ந்து நடத்தியது. யாருக்கும் சம்பளம் கிடையாது. அரங்கின் சுவரைக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்து ஆட்களே எழுப்பினார்கள். எழுபத்து நான்கில், ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது கதாநாயகன் சீனிராஜின் தகப்பனார் இறந்துபோன செய்தி வந்தது. அதை அவரிடம் சொல்லாமலே நாடகத்தை முடித்தார்கள். மறுநாள் சீனிராஜ் கோபப்படவில்லை. "செத்தவர் எங்கே போகப் போறார்? வந்த ஜனத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்றார். அவர் சொல்லித்தான் அரங்கின் உட்சுவரில் எழுதினார்கள்: 'நாடகம் முடியும்வரை எந்தச் செய்தியும் மேடைக்குப் போகக் கூடாது.'

தொண்ணூற்றாறில் அந்த விதிக்கு மறுபடி வேலை வந்தது.

சீனிராஜின் மனைவி வடிவு மூன்று நாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலை கஞ்சி குடித்தாராம். "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க" என்று அவர்தான் கணவரை அனுப்பிவைத்தார். நாடகம் ஆறரைக்குத் தொடங்கியது. ஒன்பதுக்கு முடிய வேண்டும்.

ஏழு ஐம்பதுக்கு வடிவின் தம்பி சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரி அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். வாசலில் நின்றவர் எங்கள் மன்றத்துத் தையல்காரர் அந்தோணி.

"மச்சானைக் கூப்பிடுங்க. அக்காவுக்கு மூச்சு இழுக்குது. அவரைத்தான் கேக்குது."

"உசுருக்கு ஒண்ணும் இல்லேல்ல? பதறாதீங்க தம்பி. நாடகம் முடிஞ்சதும் நானே அவரைப் பின்னால வச்சு சைக்கிள் மிதிக்கிறேன். உள்ள உக்காருங்க."

அந்தத் தம்பியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காள் அங்கே கிடக்க, அவர் கையைக் கட்டிக்கொண்டு நாடகம் பார்த்தார்.

அந்தோணி உள்ளே வந்து பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னால் இருந்த ஒருவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவன்தான் வசனம் எடுத்துக் கொடுப்பவன். அவன் நான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

"முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதே. சீனி போட்ட சட்டம்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கைப்பிரதியில் இரண்டு காட்சிகளைத் தாண்டிப் புரட்டினேன். எங்கள் மேடையில் ஒரு பழக்கம் உண்டு: எடுத்துக் கொடுப்பவன் எதைக் கொடுக்கிறானோ அதைத்தான் நடிகர் சொல்வார், ஏன் என்று கேட்கமாட்டார். சீனிராஜ் ஒரு கணம் என் பக்கம் முகம் சுளித்துப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த இடத்திலிருந்து தொடர்ந்தார். இருபத்தைந்து நிமிடம் மிச்சமானது. நாடகம் எட்டு முப்பத்தைந்துக்கே முடிந்துவிடும்.

தங்கை வேடம் போட்டிருந்த சத்துணவு ஆசிரியை ஜெயக்கொடி படுதா ஓரம் வந்தாள்.

"என்ன தம்பி, தூங்கிட்டியா? பாதி நாடகத்தைக் காணோம்!"

சொன்னேன். அவள் முகம் மாறியது. "அடப் பாவிகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் முறை வராமலே மேடைக்குப் போனாள். எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"அண்ணே, வடிவு அண்ணிக்கு மூச்சு இழுக்குதாம். உங்களைக் கேக்குறாங்களாம். கிளம்புங்க."

அப்போது மணி எட்டே கால். நாடகத்திலும் அவர் அவளுக்கு அண்ணன்தான். சனங்கள் அதுவும் கதை என்று நினைத்து 'உச்' கொட்டினார்கள்.

சீனிராஜ் அவளைப் பார்த்தார். பிறகு, வசனத்துக்குப் படுதா ஓரம் பார்க்கும் இருபது வருடப் பழக்கத்தில், என் பக்கம் திரும்பினார். அவர் கண் என்னைக் கேட்டது. இது நிஜமா, போகவா என்று.

நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றார் சீனிராஜ். கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

எட்டு முப்பத்தைந்துக்குத் திரை விழுந்தது. அந்தோணி சொன்னபடியே சீனிராஜைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். எட்டு நாற்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வடிவு ஐந்து நிமிடம் முன்பு இறந்திருந்தார். அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

அந்தோணி விதியைக் காத்தார். ஜெயக்கொடி விதியை உடைத்தாள். நான் விதியையும் காத்து நேரத்தையும் குறைத்தேன். மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது பெரிய தவறு? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: ஜெயக்கொடி செய்ததே சரி. அந்த விதி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லாத சாவுச் செய்திக்காகப் பிறந்தது. உயிரோடு கூப்பிடுகிறவருக்கு அது பொருந்தாது. பெரிய தவறு அந்தோணியுடையது என்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் விதி சரி என்று நம்பிக் காத்தார். இங்கே அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் பக்கங்களை ஏன் புரட்டினேன்? தெரிந்தும் காத்தவன் நான். அதோடு, எட்டே காலுக்கு விதி உடைந்தே போயிருந்தது. அதற்குப் பிறகு நான் எதைக் காத்தேன்? பயமா, பழக்கமா, கைதட்டல் வரும் இடம் என்று தெரிந்திருந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை உங்களிடமே விடுகிறேன். சீனிராஜ் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் உங்களிடம் கேட்டிருக்கமாட்டேன்.