கை கட்டி ஆடும் செஸ்

"நம்ம பிள்ளைங்களை யாரோ கெடுக்கறாங்க மேடம்," என்றார் குணபூஷணம்.

தலைமையாசிரியை மங்கையர்க்கரசி பம்பரத்துக்குச் சாட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருங்க சார்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எதிரே உட்கார்ந்து சாட்டை முறுக்கும் அம்மாள்தான் என்று அவர் ஏற்கனவே முடிவுகட்டியிருந்தார். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வராமல் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட கதைகளில் குருவுக்கு வெள்ளைத் தாடி இருக்கும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்கும். இந்தக் கதையில் எல்லாம் தலைகீழ். பூஷணம் சார் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டவர். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் மங்கையர்க்கரசி ஏதோ ஒரு ஒன்றாம் வகுப்பில் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்திருப்பார். ஆனாலும் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் சந்தேகம் வந்தால் தலைமையாசிரியையிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைதான். சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட மாட்டார்கள். அதற்குப் பிறகு மன்றங்கள் உண்டு. ஒரு டீச்சர் தோட்ட மன்றம் நடத்தினார். தலைமையாசிரியை பம்பர மன்றம். பூஷணம் செஸ் மன்றம்.

ஜூன் மாதம் அவர் மாற்றலாகி வந்தபோது செஸ் அறையில் உட்கார இடமில்லை. இப்போது இதழினி என்ற நான்காம் வகுப்புப் பெண் மட்டும் மிஞ்சியிருந்தாள். இந்த வாரத் தொடக்கத்தில் அவளும், அடுத்த வாரத்திலிருந்து பம்பரத்துக்குப் போகிறேன் சார் என்று சொல்லிவிட்டாள்.

பூஷணத்துக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வாலிப வயதில் மாவட்டத்துக்காக ஆடியவர் அவர். இந்தப் பெண்ணைப் போல ஆட்டத்தை முன்கூட்டிப் பார்க்கிற குழந்தையை அவர் சந்தித்ததே இல்லை. அவள் போய்விட்டால் மன்றம் மூடப்படும் என்பதுகூட இரண்டாம் பட்சம். அவள் செஸ்ஸையே விட்டுவிடுவாள்.

ஆகவே அவர் துப்பறிந்தார்.

முதலில் கடலை மிட்டாய் லஞ்சம் என்று சந்தேகப்பட்டார். பம்பரம் விட்டு முடித்துப் போகும் ஒரு பொடியனை வழிமறித்துக் கையை முகர்ந்து பார்த்தார். மண் வாசனைதான் வந்தது. மண்ணைப் பூசி மறைத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு தலைமையாசிரியை வேண்டுமென்றே தோற்றுப் பிள்ளைகளை மயக்குகிறார் என்று சந்தேகம் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நின்று பார்த்தார். அந்த அம்மாள் விட்ட பம்பரம் எல்லோருடையதையும் விட அதிக நேரம் நின்று சுழன்றது. இது இன்னும் பெரிய சூழ்ச்சி என்று தோன்றியது.

"நீங்க செஸ் எப்படி நடத்தறீங்க சார்?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

அதைச் சொல்வதில் பூஷணத்துக்குப் பெருமைதான். அவருடைய மன்றத்தில் யாரும் காயைத் தொடக்கூடாது. பிள்ளைகள் எதிரும் புதிருமாகக் கை கட்டி உட்கார வேண்டும். எந்தக் காய், எந்தக் கட்டம் என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அவரே நகர்த்துவார். பழைய பள்ளிக்கூடத்தில் ஒருவன் ராணியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். இன்னொருத்தி அவர் தும்முகிற நேரத்தில் குதிரையை நகர்த்திவிட்டாள். அதற்குப் பிறகு இந்த ஏற்பாடுதான். ஒரு காய்கூட இதுவரை தொலைந்ததில்லை.

மங்கையர்க்கரசி முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க பம்பர மன்றத்துக்கு வாங்க சார்," என்றார்.

எதற்காகக் கூப்பிடுகிறார்? பூஷணம் வீடு போய்ச் சேரும் வரை அதையே யோசித்தார்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் வட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். இதழினியும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

தலைமையாசிரியை ஒரு புதுப் பம்பரத்தைக் காட்டினார். இது சாருடையது என்றார். பூஷணம் கையை நீட்டினார்.

"கையைக் கட்டிக்குங்க சார்."

"எதுக்கு மேடம்?"

"எங்க விடணும்னு சொல்லுங்க. நான் விடறேன்."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டலாகத் தெரியவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் மறுத்துப் பேசவும் முடியாது. கையைக் கட்டிக்கொண்டார். வட்டத்துக்கு நடுவில் என்றார்.

பம்பரம் நடுவில் இறங்கி அழகாக நின்றது. பிள்ளைகள் சாருக்குக் கை தட்டினார்கள். பூஷணத்துக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது முறை இடது பக்கம் என்றார். இடது பக்கம் போய் நின்றது. மறுபடியும் கைதட்டல். வெயில் கழுத்தில் அடித்தது. அடுத்த முறை அவர் இடம் சொல்லவில்லை. எங்கே விட்டால் என்ன என்று இருந்தது. உள்ளங்கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவை என் கையில குடுங்க மேடம்."

"எதுக்குங்க சார்? நல்லாத்தானே சுத்துது?"

"சுத்துது. நான் விடலையே."

"நீங்க தொலைச்சிட்டா?"

"ஒரு பம்பரத்தை நம்பிக் குடுக்க மாட்டீங்களா? நான் என்ன திருடனா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பூஷணம் தன் கைகளைப் பார்த்தார். இன்னும் கட்டியபடிதான் இருந்தன. பிறகு ஓரத்தில் நின்ற இதழினியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மங்கையர்க்கரசி பம்பரத்தையும் சாட்டையையும் அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதழினி, கொஞ்சம் வாம்மா," என்று கூப்பிட்டுவிட்டு செஸ் அறையைப் பார்த்து நடந்தார்.

அறையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார். இதழினி வழக்கம்போல் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீயே நகர்த்து," என்றார்.

அவள் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"டெஸ்டா சார்?"

"டெஸ்ட் இல்லம்மா."

"தொட்டா திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன். எடு."

இதழினி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கதவுப் பக்கம் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டாள். காயை மட்டும் தொடவில்லை.

இந்தப் பெண் இப்படிப் பார்க்க எங்கே கற்றாள் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. இன்னும் பேசினால் இன்னும் சந்தேகப்படுவாள் என்பது மட்டும் தெரிந்தது. அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு.

எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்," என்று மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எதிரே பம்பர ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கக் கேட்டுக்குப் போனார்கள்.

அப்புறம் அறையின் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடித் தேய்ந்தது.

போய்விட்டாள்.

போகட்டும், குற்றம் என்னுடையதுதான் என்று பூஷணம் நினைத்தார். அடுத்த நொடியே, போகிற போக்கில் ராணியை எடுத்துக்கொண்டு போயிருப்பாளோ என்றும் நினைத்தார். பழகிய மனசு அல்லவா. எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கதவு மறுபடியும் கிறீச்சிட்டது. இந்த முறை இரண்டு ஜோடி செருப்புகள்.

"சார் எங்கடி?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. ஆகஸ்டிலேயே பம்பரத்துக்குப் போய்விட்ட தஸ்லிமாவின் குரல்.

"வெளியில இருக்காரு. திரும்ப மாட்டாராம்."

"நம்பலாமா?"

பூஷணம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியலடி. நீ மொதல்ல ஒரு காயை எடு. பார்ப்போம்."

டக்கென்று பலகையில் ஒரு சத்தம். அதற்குப் பதிலாக இன்னொரு சத்தம். பிறகு சரசரவென்று தொடர்ந்தன. ஏதோ ஒரு காய் தரையில் விழுந்து உருண்டது. பூஷணத்தின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"ஏய், அது அங்க இல்ல, இங்க இருந்துச்சு," என்றாள் ஒருத்தி. இல்லவே இல்லை என்றாள் மற்றவள். சண்டை முற்றியது. யார் ஏமாற்றுவது என்று அவரால் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. திடீரென்று இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இதழினியின் சிரிப்பை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்.

மங்கையர்க்கரசி பம்பரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தா வழியாக வந்தார். மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த பூஷணத்தின் அருகில் நின்றார்.

"உள்ள என்ன நடக்குதுங்க சார்?"

"தெரியாதுங்க மேடம்," என்றார் பூஷணம்.