வாய் திறக்காத அப்பன்

மீனும் நண்டும் நம்மைப் போலவே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்க் கடலின் பவளப்பாறை ஒன்றில் செவ்வந்தன் என்றொரு மீன் இருந்தான். அவன் பெண்டாட்டி முத்தாச்சி. இருவரும் விரல் நீளம்தான். அப்போதெல்லாம் முட்டைகளைப் பவளக் கிளையில் ஒட்டிவைத்துத் தாய்தான் காவல் இருப்பாள். அப்பன்மார் இரை தேடுகிறேன் என்று ஊர் சுற்றுவார்கள். கேட்க ஆளில்லை.

முத்தாச்சியின் முட்டைகள் இரண்டு முறை பறிபோயின. முதலில் நண்டு தின்றது. அடுத்து நீரோட்டம் அடித்துப்போனது. மூன்றாம் முறை இட்டதும், "இனிமே என்னால முடியாதுய்யா. இதுதான் கடைசி" என்றாள்.

"இந்தத் தடவ ஒண்ணுகூடப் போகாது. நீ போய் ஒரு வாய் தின்னுட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றான் செவ்வந்தன்.

அவள் போன நேரம் பார்த்துக் கச்சான் காற்று கடலைக் கலக்கியது. கிளை முறிந்தது. முட்டைகள் பிய்ந்து மிதந்தன. கீழே ஒரு பெரிய கலவாய் மீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அள்ளிக்கொள்ளச் செவ்வந்தனுக்குக் கையா இருக்கிறது? அத்தனை முட்டைகளையும் வாயில் வாரி, இறுக மூடிக்கொண்டான்.

திரும்பி வந்த முத்தாச்சி கண்டது கடைசி முட்டை அவன் வாய்க்குள் போவதைத்தான்.

"அடப் பாவி, பெத்த பிள்ளைகளையே தின்னுட்டியேய்யா."

பதில் சொல்ல வாயைத் திறந்தால் முட்டைகள் கலவாய்க்குத்தான். இல்லை என்று தலையை ஆட்டிப் பார்த்தான். யார் நம்புவார்கள்?

"நாங்களாவது அடுத்தவன் முட்டையத்தான் தின்போம்" என்றது நண்டு. முத்தாச்சி அழுதுகொண்டே வேறு பாறைக்குப் போய்விட்டாள்.

எட்டு நாள். இறால் குஞ்சுகள் மூக்கை உரசிக்கொண்டு போயின. வயிறு ஒட்டிப்போனது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏசினார்கள். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வாய்க்குள் துள்ளல் தெரிந்தது. முத்தாச்சி இருந்த பாறை இடுக்குக்குத் தள்ளாடிப் போய், அவள் முன்னால் வாயைத் திறந்தான். கடுகளவு பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீந்தி வந்தன.

முத்தாச்சி பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். பிறகு அவனிடம் வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றாள்.

"சொல்லியிருந்தா ஒரு பிள்ளையாவது விழுந்திருக்கும்" என்றான் அவன்.

அந்த வம்சத்தில் இன்றைக்கும் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பவன் அப்பன்தான். பிள்ளைகள் வெளியே வரும்வரை அவனுக்குப் பட்டினிதான். செவ்வந்தன் பழி சுமந்த அந்த எட்டு நாளில் தொடங்கிய வழக்கம் இது.