அழவைத்துக் காத்த பூரணத்தம்மையார்

பூவாணிகுளத்திலே பிள்ளைகளை அழவைப்பதையே திருத்தொண்டாகக் கொண்ட அடியார் ஒருவர் இருந்தார். பெயர் பூரணத்தம்மையார். அரசாங்கத்துக்கு அவர் கிராம சுகாதாரச் செவிலியர். பிள்ளைகளுக்கோ அவருடைய சேலை நுனி தெரிந்தால் போதும், குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். (ஒளிந்தவர்களில் இதை எழுதுகிற மாவீரனும் உண்டு.)

புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியை மாரியம்மன் சந்நிதியில் வைத்து, "தாயே, ஒரு பிள்ளையும் விட்டுப்போகாமப் பாத்துக்க" என்று கும்பிட்ட பிறகே அம்மையார் தெருவில் இறங்குவார். பெட்டிக்குள் பனிக்கட்டி இருப்பதைப் பார்த்த பூசாரி சங்கிலிமுத்து, "ஏம்மா, ஆத்தாளுக்குக் குச்சி ஐஸா?" என்பார். அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம் பக்கத்து ஊரில் தட்டம்மை கண்டிருந்தது. பங்குனித் திருவிழாவுக்கு அந்த ஊர் உறவினர் அத்தனை பேரும் வருவார்கள். பூவாணிகுளத்திலோ ஒன்பது மாதம் தாண்டியும் ஊசி போடாத குழந்தைகள் பதினொன்று. அம்மையார் புதன்கிழமை பெட்டியுடன் வந்தபோது, முதல் நாளே காப்புக் கட்டியாகிவிட்டது.

பூசாரி வழிமறித்தார். "காப்புக் கட்டிட்டா ஊர் மண்ணுல ரத்தம் சொட்டக் கூடாது. பதினஞ்சு நாள் கழிச்சு வா."

"பதினஞ்சாம் நாள் விருந்தாளிக வந்துருவாகளே அண்ணே."

"ஆத்தா ஊருக்குள்ளயே ஆத்தா அம்மையா வர்ற வழிய மறிக்கப் பாக்கியா?"

கூட்டம் சிரித்தது. அம்மையார் அம்மன் இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எல்லைக் கல்லைத் தாண்டி நாலே அடி. வெட்ட வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அது ஊர் மண் இல்லையே!

உச்சிவேளை வரை ஒருவரும் வரவில்லை. பெட்டிக்குள் பனிக்கட்டி கரைந்தது. வெளியே அம்மையார் கரைந்தார். அப்போது இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். பூசாரியின் மருமகள் பொன்னுக்கிளியேதான்.

"இவளுக்குத் தாய்ப்பால் குடுக்கேனே, அது காக்காதா நர்சம்மா?"

"காக்கும் தாயி. ஆனா இந்த அம்மைக்கு அது மட்டும் பத்தாது. பொறக்கும்போதே உடம்புக்குன்னு ஒரு காவல் உண்டு. அதுபோக, வயித்துல இருக்கப்பவே நோயத் தடுக்க நீ ஒரு கட்டுச்சோறு குடுத்து விட்டிருக்க. அது ஒம்பது மாசத்துக்குள்ள தீந்துரும். இந்த ஊசி சோறு போடாது; பிள்ளை உடம்பையே உலை வைக்கப் பழக்கும். பழக ரெண்டு வாரம் ஆகும். இன்னிக்கு விட்டா நேரமில்ல."

பொன்னுக்கிளி திரும்பி ஊரைப் பார்த்தாள். பிறகு கல்லைத் தாண்டினாள். குழந்தையின் அலறல் கோயில் வரை கேட்டது.

அலறலைக் கேட்டு எட்டிப் பார்த்த தாய்மார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொழுது சாய்வதற்குள் பத்துக் குழந்தைகள் அழுது முடித்தன. பதினொன்றாவது அழுதுகொண்டிருந்தபோது பூசாரி கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ரத்தம் இங்கிட்டு எதுவும் சொட்டிருச்சா?"

"பஞ்சு வச்சு அமுக்கிட்டேன் அண்ணே."

விழா வந்தது, விருந்தாளிகளோடு தட்டம்மையும் வந்தது. விருந்தாக வந்த ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் பொரிந்தது. அதையும் அம்மையாரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் தேற்றி அனுப்பினார். அதைத் தூக்கிக் கொஞ்சிய வீடுகளிலெல்லாம் நம் பதினொரு பேரும் தவழ்ந்து திரிந்தார்கள். ஒருவருக்கும் ஒரு பொரி இல்லை.

மறு வருடம் காப்புக் கட்டும் நாள். முதல் காப்பு அம்மனுக்குக் கட்டியானதும் பூசாரிக்கு அருள் இறங்கியது. அடுத்த காப்பு அவர் கைக்குத்தான் என்பது வழக்கம். அவரோ மஞ்சள் கயிற்றோடு கூட்டத்தைப் பிளந்து நடந்தார். "எம் பிள்ளைகள எண்ணி வச்சிருக்கவ எங்கடி?"

கடைசி வரிசையில் வெறுங்காலோடு நின்றிருந்த அம்மையார் கைகூப்பி, "பதினொண்ணு, தாயே" என்றார்.

கயிறு அவர் மணிக்கட்டில் ஏறியது. வந்தது ஆத்தாளா, பூசாரியின் மனச்சாட்சியா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆத்தாள் எந்த வழியாக வந்தால் என்ன?

பெண்கள் குலவையிட வாயெடுத்தார்கள். அதற்குள் அம்மையாரை அடையாளம் கண்டுகொண்ட அந்தப் பதினொரு குழந்தைகளும் ஒரே குரலில் வீறிட்டு அழுதன. நோயின்றி வளர்ந்த நெஞ்சுகளிலிருந்து எழுந்த அந்த அழுகையைவிடச் சிறந்த போற்றிப் பாட்டு எந்த அடியாருக்குக் கிடைத்தது? பூரணத்தம்மையார் திருவடிகளுக்கு, சற்றுத் தள்ளி நின்றே, நம் வணக்கம்.