பத்தாணிப் பூதம் எழுதாத வரி

முன்னொரு காலத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆறு நின்று திரும்பிப் பார்த்த காலத்தில், ஏழுதுறை நாட்டில் காத்தாயி என்றொரு தோணிக்காரி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், மரகதம். அக்கரையில் அரசர் கட்டிய கல்விச்சாலையில் மரகதம் படித்தாள்.

காத்தாயி எதற்கும் பதறுகிறவள். மகள் தும்மினால் பதறுவாள், தும்மாவிட்டாலும் பதறுவாள். ஆனால் அவளுடைய பெரிய பயம் ஒன்றுதான். அவளும் சின்ன வயதில் அந்தச் சாலைக்கு இரண்டு வருஷம் போனவள். கட்டுரை எழுத வராமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். மகளையும் அப்படி அனுப்பிவிட்டால்?

அந்த வருஷம் மூன்று கட்டுரை கேட்டார்கள். மருந்துச் செடிகளைப் பற்றி ஒன்று, விண்மீன்களைப் பற்றி ஒன்று, சொந்தக் குடும்பத்தின் கதை ஒன்று. மூன்றையும் பனையோலையில் எழுத வேண்டும். மரகதம் எழுத்தாணியைப் பிடித்தபடி அழுதாள்.

"அம்மா, ஆத்து நடுவுல மணல்திட்டு இருக்கே, அங்கே உச்சிவெயில்ல ஒரு மண்டபம் தெரியுமாம். உள்ளே பத்தாணிப் பூதம். நமக்குத் தெரிஞ்சதை வாயால சொன்னாப் போதும், அது எழுதித் தருமாம். எல்லாரும் போறாங்க. கூலிகூட இல்லையாம்."

கூலி வாங்காத வேலைக்காரனைக் காத்தாயி எங்கும் கண்டதில்லை. ஆனாலும், படிக்காத நமக்கு என்ன தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவளே துடுப்பு வலித்து மகளைக் கொண்டுபோய் விட்டாள்.

நிழல் விழாத அந்த நேரத்தில், வெறும் மணலில் மண்டபம் நின்றது. மகள் உள்ளே போனாள். கிர்... கிர்... கிர்... என்று எதையோ கீறும் சத்தம் தோணி வரைக்கும் கேட்டது.

முதல் கட்டுரையோடு மரகதம் சிரித்தபடி வந்தாள். கரையேறியதும் வாசலில் இருந்த துளசியைக் கிள்ளி, "இது என்ன இலைம்மா?" என்றாள்.

"விளையாடாதடி."

"நிஜமாத்தான் கேக்கறேன்."

மறுநாள் இரண்டாம் கட்டுரை. கிர்... கிர்... கிர்... அன்று பொழுது சாய்ந்ததும் மகள் அண்ணாந்து பார்த்து, "மேலே யாரும்மா இத்தனை ஓட்டை போட்டது?" என்றாள்.

காத்தாயி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "போதும்டி. மூணாவதை நாமளே எப்படியாவது எழுதுவோம்."

"ரெண்டு முடிஞ்சாச்சு. ஒண்ணு குறைஞ்சதுக்காக வெளியே அனுப்பிட்டா?"

தாய்க்குப் பழைய பயம் மறுபடி தலைதூக்கியது. மூன்றாம் நாளும் அவளே துடுப்பு வலித்தாள். கிர்... கிர்... கிர்... வெளியே வந்த மகள் தோணியில் ஓரமாக, ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"தோணிக்காரம்மா, என்னைக் கல்விச்சாலையில இறக்கிவிடறீங்களா?" என்றாள்.

காத்தாயியின் கையில் துடுப்பு நின்றது. "அடியே, நான் உன் அம்மாடி!"

"அப்படியா?" என்றாள் மரகதம், மரியாதையாக.

காத்தாயி அவளை அக்கரையில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். சாலைக்குள் போன மகள் கொஞ்ச நேரத்தில் மூன்று ஓலையோடும் திரும்பி வந்தாள். "வாத்தியார் வாங்க மாட்டேன்னுட்டார். 'இதை இன்னாரிடம் அறிந்தேன்'னு கடைசியில ஒரு வரி இருந்தாத்தான் இந்தச் சாலையில கட்டுரைன்னு வாங்குவாங்களாம். எனக்கு யாருகிட்ட அறிஞ்சேன்னே தெரியலை."

அன்று அவள் அறியாத வீட்டு விருந்தாளி போல மூலையில் படுத்துக்கொண்டாள். காத்தாயி கண் மூடவில்லை. விடிந்ததும் கை சும்மா இருக்க மாட்டாமல் தோணிக்குள் நீர் கசியாமல் இருக்க அதற்குக் கருங்கீல் பூசினாள். உச்சிப்பொழுது வந்ததும் மூன்று ஓலையையும் மடியில் செருகிக்கொண்டு தனியாகப் போனாள்.

மண்டபத்துக்குள், வாத்தியார் வாங்காமல் பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவந்து போட்ட ஓலைகள் கூரை முட்டக் குவிந்து கிடந்தன. நடுவில் காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டியது போல ஓர் உருவம். பத்து விரல் நுனியிலும் பத்து இரும்பு எழுத்தாணி, நகமாக.

"வா, தாயே. என்ன கட்டுரை வேணும்?" என்றது அது. மரகதத்தின் குரலில் சொன்னது.

காத்தாயி மடியிலிருந்த மூன்று ஓலையையும் எடுத்துக் காட்டினாள். "புதுசு வேண்டாம். நீ குறையா விட்டதை முடி. கடைசி வரி எங்கே?"

பூதம் சிரித்தது. ஆனால் நகங்கள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. இது குறை வேலை என்று யாராவது சுட்டிக்காட்டிவிட்டால் அவற்றால் சும்மா இருக்க முடியாது, அப்படி ஒரு மந்திரக்கட்டு. தாமாகவே துழாவி ஓலையைப் பிடுங்கின. பூதம் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக எதையோ கீறி நீட்டியது.

"இந்தா. உன் பேரைத்தான் போட்டிருக்கேன்."

புதிதாகக் கீறிய எழுத்து, மை தடவாமல் கண்ணுக்குத் தெரியாது. காத்தாயி கீல் அப்பிய உள்ளங்கையால் ஓலையைத் தேய்த்தாள். எழுத்துகள் கறுப்பாக எழுந்தன. விரல் வைத்துக் கூட்டினாள்.

"ப... த்... தா... அடேய், இது உன் பேரு! என் பேரு 'கா'வுல ஆரம்பிக்கும்! அந்த ஒரு எழுத்தைக் கத்துக்கத்தான் ரெண்டு வருஷம் அடி வாங்கினேன். என்கிட்டயேவா? அழிச்சிட்டு ஒழுங்கா எழுது. மூணுலயும் எழுது."

கிர்... கிர்... கிர்... 'இதை என் தாய் காத்தாயியிடம் அறிந்தேன்.'

மூன்றாவது வரி முடிந்ததும், மூன்று ஓலையிலும் அந்த வரிக்கு மேலே இருந்த எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்த மாவு போலக் கரைந்தது. பூதம் வாயைத் திறந்தது. மரகதத்தின் குரல் அதில் இல்லை. வேறொரு குழந்தையின் குரல் இருந்தது.

"போதுமா?"

"எங்கே போதும்? அந்தக் குவியல்ல இருக்கறது யார் பெத்த பிள்ளைங்களுது? எல்லாமே குறைதான்."

"எல்லாத்துலயும் எழுதினா நான் இருக்க மாட்டேனே, அம்மா. எனக்குன்னு ஒண்ணுமே இல்லையே" என்று அந்தக் குழந்தைக் குரல் அழுதது.

காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் குவியலிலிருந்து அடுத்த ஓலையை உருவி நீட்டினாள். மாமனிடம் அறிந்தேன். உப்பு விற்கிறவளிடம் அறிந்தேன். எருமை மேய்க்கிறவரிடம் அறிந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குரல் பூதத்தை விட்டுப் போயிற்று. கடைசிக் குரலும் போனபோது மணலில் பத்து இரும்பு ஆணிகள் மட்டும் கிடந்தன. மண்டபம் இல்லை. காத்தாயியின் நிழல் மெல்ல அவள் காலடியில் வந்து விழுந்தது.

தோணியை எப்படி வலித்தாளோ தெரியாது. வீட்டு வாசலுக்கு வந்தவளுக்கு உள்ளே போகத் தைரியம் இல்லை.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காத்தாயிக்கு உயிரே போயிற்று. "தோணிக்காரி..." என்றாள் மெதுவாக.

"தோணிக்காரின்னு புதுசா என்ன பேச்சு இது? எங்கேம்மா போய்த் தொலைஞ்சே? கஞ்சி ஆறிக் கல்லாகுது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா?"

மகள் திட்டத் திட்ட, காத்தாயி வாசற்படியில் உட்கார்ந்து, அதில் ஒரு சொல்லும் சிந்திவிடாமல் கேட்டாள்.

மூன்று ஓலையையும் மரகதமே முதலிலிருந்து எழுதினாள், தப்பும் திருத்தமுமாக. வாத்தியார் முகத்தைச் சுளித்தார், வாங்கிக்கொண்டார். மற்றப் பிள்ளைகளும் அவரவர் வீட்டாரை அடையாளம் கண்டார்கள். விவரம் கேட்ட அரசர் காத்தாயிக்குப் புதுத் தோணி கொடுத்தார்.

கதை கரை சேர்ந்தது. பார்த்து இறங்குங்கள், படி வழுக்கும்.