ஏழு வருஷம் ஊறாத உருண்டை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, அடுப்பும் இருந்தது. கோடியக்கரை உப்பளத்தை ஒட்டிய ஏரியில் வேதாம்பா என்று ஒரு நத்தைகுத்தி நாரை குடியிருந்தாள். அவளுடைய அலகு அப்போது மேலும் கீழும் இடுக்கில்லாமல் பொருந்தி மூடும். ஐப்பசி பிறந்தால் போதும், வெளிநாட்டுப் பறவைகளெல்லாம் அந்த ஏரியில் வந்து இறங்கிவிடும். அத்தனை பேருக்கும் வேதாம்பாதான் விருந்து வைப்பாள். வை என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது.

விருந்தாளிகளும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். குளிர்நாட்டு வாத்து வெண்ணெய் பிஸ்கட் கொண்டுவருவாள். அரபு நாட்டு உள்ளான் பேரீச்சம்பழம் அடைத்த பிஸ்கட் கொண்டுவருவான். இலங்கையைச் சுற்றிக்கொண்டு வரும் ஆலா, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொண்டுவருவான். வடக்கே கட்ச் பக்கத்திலிருந்து வரும் பூநாரை ரேவா, வாயில் போட்டதும் கரைகிற நெய் பிஸ்கட் கொண்டுவருவாள். கொடுத்ததோடு விட்டால் தேவலை. எங்கள் ஊர்ப் பலகாரத்துக்கு ஈடு உண்டா என்று ஒவ்வொருவரும் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். கேட்டுக் கேட்டு ஏரி மீனுக்கே அலுத்துப்போயிருக்கும்.

வேதாம்பா செய்வது ஒன்றே ஒன்றுதான், பொருள்விளங்கா உருண்டை. அரிசியையும் பயறையும் கடலையையும் வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, கொதிக்கிற வெல்லப்பாகை ஊற்றி, சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். விரல் வெந்துபோகும். ஆறிவிட்டால் கல்தான். நம் வீடுகளில் துணியில் சுற்றி உலக்கையால் ஒரு போடு போடுவோம். ஏரிக்குள் உலக்கைக்கு எங்கே போவது? வந்தவர்களில் ஒருத்தராவது இதை ருசித்துத் தின்ன வேண்டும், அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

முதல் வருஷம் ரேவா தன் நீண்ட நேரான அலகால் உருண்டையைக் கடித்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. “கடிக்க வரலைக்கா” என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொன்னாளா?

“ரொம்ப நல்லாருக்குக்கா!” என்றாள். வேதாம்பா அந்தப் பக்கம் திரும்பியதும் உருண்டையைக் காலால் சேற்றுக்குள் அழுத்திவிட்டாள். அதைப் பார்த்த வாத்தும் அப்படியே செய்தாள். உள்ளானும் ஆலாவும் மட்டும் சும்மா இருப்பார்களா?

வேதாம்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுவருஷம், “நல்லாருக்குன்னு சொன்னாங்களே, இன்னும் கொஞ்சம் பாகை முறுக விடுவோம்” என்று முறுக விட்டாள். அடுத்த வருஷம் இன்னும் முறுகியது. உருண்டையும் பெரிதாகிக்கொண்டே போனது. விருந்தாளிகள் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். ஏழு வருஷம் இந்தக் கூத்து நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது வருஷம் மழை பொய்த்தது. ஏரித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றியது. ரேவா குனிந்து பார்த்தாள், அவள் காலடியில் உருண்டைகள் ஒவ்வொன்றாக மண்டையைக் காட்டின. பதறிப்போய் அவற்றின் மேல் உட்கார்ந்து சிறகை விரித்துக்கொண்டாள்.

“என்ன தங்கச்சி, காலையிலேருந்து எழுந்திரிக்கவே மாட்டேங்கிற?” என்று கேட்டாள் வேதாம்பா.

“கால் வலிக்குதுக்கா.”

முதல் பொய்யே போதாதென்று இது வேறு. வலிக்கிறது என்று கேட்டபின் வேதாம்பா சும்மா இருப்பாளா? காலில் பத்துப் போட மூலிகை அரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். “காலை நீட்டு” என்று இழுத்தாள். ரேவா நகர்ந்தாள். அடியில் ஆமை முட்டை போல வரிசையாக உருண்டைகள். ஏழு வருஷம் தண்ணீரில் கிடந்தும் ஒன்றுகூடக் கரையவில்லை.

வேதாம்பா மூலிகைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நல்லாருக்கு நல்லாருக்குன்னியே, எல்லாம் இதுதானா? வெரலு வெந்து வெந்து புடிச்சேன். வருசம் பூரா அந்த ஒரு வார்த்தையை நெனைச்சு நெனைச்சுச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்டி!”

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா...”

“இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?” என்றவள், அன்று செய்த உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். “தின்னு. எங் கண்ணு முன்னால தின்னு.”

“கல்லா இருக்குக்கா.”

“எதுடி கல்லு? கடிச்சுத் தின்னாதவ கல்லுங்கிற!”

ரேவாவுக்கும் பொறுமை போய்விட்டது. “நீங்க கடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

வேதாம்பா ஒருநாளும் கடித்ததே இல்லை. விருந்தாளிகள் தின்று மிஞ்சினால்தானே வீட்டுக்காரிக்கு? தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்பி வந்தது. செய்தவள் வாய்க்கு ஏழு வருஷமாக ஒரு துணுக்குகூடப் போகவில்லை. உப்பு உறைப்புப் பார்க்காமல் ஊருக்கெல்லாம் பரிமாறுகிறவளை என்னவென்று சொல்வது!

ஆனாலும் ரோஷம் விடவில்லை. “இதோ பாரு!” என்று தானும் ஒன்றை எடுத்துக் கவ்வினாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் கடித்தார்கள்.

மடக்கென்று ஒரு சத்தம். ரேவாவின் நேரான அலகு நடுவில் மடங்கிக் கீழே வளைந்துவிட்டது. வேதாம்பாவின் உருண்டை அலகுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தலையை உதறி உதறி அதை வெளியே தள்ளினாள். முழுசாகத்தான் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அலகின் இரண்டு பாதியும் நடுவில் சேரவே இல்லை.

ரேவாவின் உருண்டை மட்டும் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லு வாய்க்குள் மெல்ல ஊறியது. வெல்லம் இனித்தது, சுக்கு காரமாக இறங்கியது, ஏலம் மணத்தது. அப்படி ஒரு ருசியை அவள் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

“அக்கா!” என்று கோணல் வாயோடு கத்தினாள். “நெசமாவே நல்லாருக்குக்கா!”

வேதாம்பா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “போடி, பொய்க்காரி!” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ரேவா சத்தியம் செய்தாள். கெஞ்சினாள். கடைசியில் தலையைக் கவிழ்த்துச் சேற்றுக்குள் அலகை விட்டு, “பாருங்கக்கா, தேடித் தேடித் திங்கிறேன்” என்று துழாவிக் காட்டினாள். வேதாம்பா திரும்பிப் பார்க்கவே இல்லை.

பூநாரையின் அலகு வளைந்துபோனதும், அது தலைகீழாகச் சேற்றைத் துழாவிக்கொண்டே இருப்பதும், நத்தைகுத்தியின் அலகில் நடுவே இடுக்கு விழுந்ததும் அன்று முதல்தான். விருந்தாளி “நல்லாருக்கு” என்று சொன்னால் நம் வீடுகளில் ஒருத்தரும் நம்பாமல், தட்டில் இன்னும் இரண்டை வைத்துவிட்டு, அவர் விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நிற்கிறார்களே, அதுவும் அன்று முதல்தான்.