வரப்பில் காய்த்த கொத்தவரை

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் எல்லாமே பொது. வயல் பொது, மாடு பொது, உலையில் வேகும் சோறும் பொது. சோம்பலும் பொது என்று குறும்புக்காரர்கள் சொல்வதுண்டு.

அங்கே சீடனாக இருந்தான் முத்திருளன். புருஷனை இழந்த அவன் தங்கை, பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். மடத்தை விட்டுப் போகவும் அவனுக்கு மனமில்லை, அவளைக் கைவிடவும் மனமில்லை. யாரிடமும் சொல்லாமல் வயல் வரப்பு நெடுகக் கொத்தவரை போட்டான். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினான். கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சந்தையில் விற்றுத் தங்கைக்கு அரிசி வாங்கிக் கொடுத்தான்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? மூத்த சீடர் தவசி கண்டுபிடித்துவிட்டார். செடிகளைப் பிடுங்க வேண்டும், அவனை வெளியே அனுப்ப வேண்டும் என்று குருவிடம் ஒற்றைக் காலில் நின்றார்.

குரு சாத்தையா வயலுக்கே வந்துவிட்டார்.

குரு வரப்பைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார். வரப்பு பசேலென்று இருந்தது. வயலில் பாதி களை.

"ஆளாளுக்கு இப்படிக் கிளம்பினா, நம்ம வயலை யாரு பார்க்கிறது சாமி?" என்றார் தவசி.

"இப்ப மட்டும் யாரு பார்க்கிறா? இவன் தானா எழுந்து வர்றான். நாம மணி அடிச்சாத்தான் வர்றோம்."

குரு முத்திருளன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, மடத்து வாய்க்காலிலிருந்து வரப்போரமாக ஒரு கிளை வெட்டிவிட்டார். செடிகளின் காலடிக்குத் தண்ணீர் ஓடியது.

விரட்டுவார் என்று நினைத்திருந்த முத்திருளனுக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கை வீட்டில் இனியும் அடுப்பு எரியும். இந்த மனிதருக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமல் காலில் விழுந்தான்.

"இனி காயெல்லாம் மடத்துக்கே சாமி. நீங்களா பார்த்து அவளுக்கு ஏதாவது கொடுத்தாப் போதும்."

"சரி, கொடுத்துடு. நாளையிலேர்ந்து நீயும் எங்களை மாதிரி மணிச் சத்தத்துக்குக் காத்துக் கிட."

முத்திருளன் விழித்தான். தயங்கிக் கேட்டான்.

"அப்போ இந்த வரப்பு எனக்கா சாமி?"

குரு அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். வரப்பு முழுக்கச் செடி. கால் வைக்க இடமில்லாமல் வயலுக்குள் இறங்கினார். முழங்கால் வரை சேறு ஏறியது.

"காய் உனக்கு" என்றார் சேற்றில் நின்றபடியே. "வரப்பு எல்லாருக்கும். நடக்க வழி விட்டு நடு."